தட்டுகள் இருக்கும் அலமாரி

எங்கள் கிளையில் அறுபது எவர்சில்வர் தட்டுகள் உண்டு. இரண்டு வருடங்களுக்கு முன்புவரை அவை எங்கே இருக்கின்றன என்பது கிளையின் ஆண்களில் ஒருவருக்கும் தெரியாது. கேலிக்காகச் சொல்லவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், மண்டபம் நிறைய ஆட்கள் பார்த்துக்கொண்டிருக்க, அது சந்தேகத்துக்கு இடமில்லாமல் நிரூபிக்கப்பட்டது.

எந்தக் கட்சியின் கிளை என்று எழுதப்போவதில்லை. படிக்கிறவர் தனக்குப் பிடிக்காத கட்சியை நினைத்துக்கொள்ளலாம், பொருந்தும். பிடித்த கட்சியை நினைத்தாலும் பெரிதாக இடிக்காது.

நான் பாயான் லெப்பாஸில் ஒரு தொழிற்சாலையில் சோதனைப் பொறியாளர். ஒரு மின்னணுச் சில்லு ஏன் வேலை செய்யவில்லை என்று பார்த்து, காரணங்களை வரிசைப்படுத்தி, அறிக்கை எழுதுவது என் வேலை. வேலைக்கு வெளியிலும் பட்டியல் போடுகிறவள்தான். பாசாருக்குக் காய்கறி வாங்கப் போக, பயணம் போக, அம்மாவோடு சண்டை போடக்கூட. கட்சியில் சேரலாமா என்று நான் போட்ட பட்டியலில் 'வேண்டாம்' பக்கம் ஒன்பது காரணங்கள் இருந்தன, 'சேரலாம்' பக்கம் ஒன்றே ஒன்று. அந்த ஒன்று, ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடியில் எனக்கு இரண்டு மாடி கீழே குடியிருக்கும் அக்கா.

அக்காவுக்கு ஐம்பதை ஒட்டிய வயது. அவரும் தொழிற்சாலைக்காரர்தான்; ஒரு உற்பத்தி வரிசைக்குப் பொறுப்பாளர். முப்பது பெண்களும் பத்து இயந்திரங்களும் அவர் சொன்னால் ஓடும், சொன்னால் நிற்கும். கிளையின் மகளிர் பிரிவுக்கும் அவர்தான் தலைவி. அங்கே ஓடவும் நிற்கவும் எதுவும் இல்லை.

அக்காவுக்கு வேண்டியிருந்தது தெருவிளக்கு. எங்கள் கட்டடத்தின் பின்னால் ஒரு சந்து இருக்கிறது. தொழிற்சாலைப் பேருந்து அந்தச் சந்தின் முனையில்தான் வந்து நிற்கும். விடியும் முன்பே காலை வேலைக்குப் போகும் பெண்கள் கைத்தொலைபேசியின் வெளிச்சத்தில் நடந்துபோவார்கள், ஏனென்றால் சந்தின் விளக்குக் கம்பத்தில் விளக்கைத் தவிர மற்ற எல்லாம் இருந்தன: பல் மருத்துவர் விளம்பரம், வட்டிக்காரர் விளம்பரம், எங்கள் கிளைத் தலைவரின் தீபாவளி வாழ்த்து. ஒரு பெண்ணின் கைப்பை பறிபோனது. இன்னொரு பெண் விழுந்து முழங்கையை உடைத்துக்கொண்டார். அக்கா கடிதம் எழுதினார். ஆனால் கிளையின் கடிதம் கிளைத் தலைவரின் கையெழுத்தோடுதான் போக வேண்டும். தொகுதிக் கூட்டத்தில் மக்கள் பிரதிநிதியான ஒய்.பி. முன்னால் எழுந்து பேசவும் கிளைத் தலைவருக்கு மட்டும்தான் உரிமை. கடிதத்தைத் தலைவர் வாங்கித் தன் கறுப்புத் தோல்பையில் வைத்துக்கொண்டார். இரண்டாவது கடிதத்தையும் அப்படியே. மூன்றாவதையும்.

தலைவர் கெட்ட மனிதர் இல்லை. மோட்டார் பட்டறை வைத்திருந்து ஓய்வுபெற்றவர். யார் வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் ஆளாக வந்து நாற்காலி போடுவார், கூடாரத்துக்குச் சொல்வார். ஆனால் விளக்கு விஷயத்தை எப்போது கேட்டாலும், அது பெண்கள் பிரச்சினை, மகளிர் பிரிவு பார்த்துக்கொள்ளட்டும் என்பார். மகளிர் பிரிவு பார்த்து எழுதிய கடிதம்தான் அவர் பையில் இருந்தது. இந்த வட்டத்தை ஒரு வரைபடமாகப் போட்டு அக்காவிடம் காட்டினேன். அக்கா அதில் விரலை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தார். "அப்ப நான்தான் தலைவரா வரணும் போல," என்றார், கடையில் உப்பு தீர்ந்துவிட்டது என்று சொல்வதைப் போல.

மகளிர் பிரிவு என்ன செய்யும் என்று கேட்டால் என்னிடம் பட்டியல் இருக்கிறது. ஒய்.பி. வந்தால் குத்துவிளக்கு ஏந்தி நிற்கும். பன்னீர் தெளிக்கும். பதாகையில் தபால்தலை அளவில் இடம்பெறும். பக்கத்தில் ஆறு ஆண்கள் கோட்டு டையுடன் ஆளுக்கொரு சன்னல் அளவு. மகளிர் தினத்தன்று தலைவர் பெண்களின் பெருமையைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசுவதைக் கேட்கும். நான் சேர்ந்த வருடம் அந்தப் பேச்சின் முடிவில் ஆளுக்கொரு ரோஜாவும், குலுக்கலில் ஒருவருக்கு வடைச்சட்டியும் கொடுத்தார்கள். விழுந்த இதழ்களைக் கூட்டிப் பெருக்கியதும் மகளிர் பிரிவுதான். எல்லாவற்றுக்கும் மேலாக, சமைக்கும்.

நான் சமைக்கவில்லை. சேர்ந்த முதல் நாளே சொல்லிவிட்டேன்: அடுப்படிக்கு வர மாட்டேன், அதற்காகக் கட்சியில் சேரவில்லை. பெருமையாக இருந்தது. கணினி தெரிந்த பெண் என்று கூட்டக் குறிப்பு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள். மண்டபத்தின் மூலையில் மடிக்கணினியோடு உட்கார்ந்து, விடுதலை பெற்றுவிட்டதாக நினைத்துக்கொண்டு, ஆண்கள் பேசியதை எல்லாம் தட்டச்சு செய்தேன்.

அந்த வருடத்து ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் தலைவர் பதவிக்கு அக்காவை நிறுத்துவதாக முடிவானது. நான் பழைய கூட்டக் குறிப்புகளை எல்லாம் படித்தேன். வேட்புமனு விதிகளைப் படித்தேன். இருபத்திரண்டு வரிகளில் பட்டியல் தயாரித்தேன். முன்மொழிய நான். வழிமொழிய, பாசாரில் தேங்காய்க் கடை வைத்திருக்கும் இன்னோர் அக்கா. இனி இவரைத் தேங்காய்க் கடை அக்கா என்றே சொல்கிறேன். குரலே அரை மைல் போகும், வழிமொழியவென்றே படைக்கப்பட்டவர். யார் கை தூக்குவார்கள், யார் தூக்க மாட்டார்கள், யார் கணவனைப் பார்த்துவிட்டுத் தூக்குவார்கள் என்று மூன்று நிறங்களில் குறித்திருந்தேன்.

எங்கள் நிகழ்ச்சி நிரலில் ஆறாவது மதிய உணவு. ஏழாவது தேர்தல். ஆறும் ஏழும் ஒன்றோடொன்று கலந்து நடப்பதுதான் வழக்கம். நேரம் மிச்சமாகும் என்பார்கள். ஆண்கள் சாப்பிட உட்காரும்போதே செயலாளர் ஏழாவதை ஆரம்பித்துவிடுவார்.

நான் எழுந்து அக்காவின் பெயரை முன்மொழிந்தேன். மண்டபம் ஒரு கணம் மெல்லுவதை நிறுத்தியது. தேங்காய்க் கடை அக்காவைத் தேடினேன். அவர் மண்டபத்தின் மறுகோடியில் சோற்றுக் குண்டானோடு நின்றிருந்தார். கரண்டியை உயர்த்தி வழிமொழிந்தார். அதையாவது ஏற்றுக்கொண்டார்கள். அடுத்து, வேட்பாளர் மண்டபத்தில் நேரில் நின்று 'ஏற்கிறேன்' என்று சொல்ல வேண்டும். விதி அப்படித்தான். நான்தான் அந்த விதியை மஞ்சள் நிறத்தில் கோடிட்டு வைத்திருந்தேன்.

"வேட்பாளர் எங்கம்மா?" என்று கேட்டார் தலைவர்.

வேட்பாளர் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தார்.

மண்டபத்துக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு நீளமான நடை, அதன் முடிவில் லாரி போலச் சத்தமிடும் புகைபோக்கி விசிறி. நான் ஓடினேன். அக்கா அடுப்பை அணைத்து, சட்டியை நகர்த்தி, கையைத் துடைத்துக்கொண்டு வருவதற்குள் மண்டபத்தில் வேட்புமனு முடிந்துவிட்டது. தலைவர் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டிருந்தார். செயலாளர் மாலையைப் போட்டுக்கொண்டிருந்தார். அந்த மாலையை இரண்டு நாள் முன்பே லிட்டில் இந்தியா பூக்கடையில் சொல்லிவைத்திருந்தார்கள். தேர்தலுக்கு முன்பே மாலை எப்படி என்று ஒருமுறை கேட்டதற்கு, கடைசி நேரத்தில் சொன்னால் நல்ல பூ கிடைக்காது என்று செயலாளர் விளக்கியிருந்தார்.

தலைவர் எங்களைப் பார்த்துச் சிரித்தார். நல்ல சிரிப்புதான், அதுதான் எரிச்சல். "அப்பளம் முக்கியம்லா," என்றார். மண்டபம் சிரித்தது. அக்காவும் கொஞ்சம் சிரித்தார். திரும்பிப் போய் மிச்ச அப்பளத்தைப் பொரித்தார்.

என் இருபத்திரண்டு வரிகளில், வேட்பாளர் அந்த நேரத்தில் எங்கே இருப்பார் என்ற வரி இல்லை. ஏன் இல்லை என்றால், அடுப்படியில் யார் எப்போது என்ன செய்கிறார்கள் என்பது எனக்குத் தெரியாது. நான்தான் அங்கே போக மாட்டேன் என்று சொன்னவள். தட்டுகள் இருக்கும் இடம் தெரியாத ஆண்களைப் பற்றி இவ்வளவு பேசுகிறேனே, அன்றைக்கு எனக்கும் தெரியாது.

அதற்குப் பிறகு அடுப்படிக்குப் போனேன். வெங்காயம் உரிக்க வைத்தார்கள். என் வேகத்தைப் பார்த்துவிட்டுப் பூண்டுக்கு மாற்றினார்கள், பிறகு சும்மா உட்கார வைத்தார்கள். உட்கார்ந்து கேட்டதில் தெரிந்தது, கிளையின் உண்மையான கூட்டம் அங்கேதான் நடக்கிறது என்று. எந்தக் கட்டடத்தில் மின்தூக்கி நின்றுபோயிற்று, எந்தப் பள்ளியில் ஆசிரியர் இல்லை, எந்த வீட்டில் அடி விழுகிறது, யாருக்குக் குடியுரிமைக்கான நீலநிற அடையாள அட்டை இன்னும் வரவில்லை, எல்லாம் அங்கே தெரியும். மண்டபத்தில் நான் பக்கம் பக்கமாகத் தட்டச்சு செய்தது எல்லாம் முன்னாள் தலைவர்களுக்கு நன்றி.

பழைய குறிப்புகளை மறுபடி எடுத்தேன், இந்தமுறை வேலையிடத்தில் பழுதான சில்லைப் பார்ப்பதைப் போல. எல்லா வருடங்களிலும் வருகைப் பதிவில் பாதிக்கு மேல் பெண்கள். கூட்டம் செல்லுபடியாக வேண்டிய எண்ணிக்கைக்கு நாங்கள் வேண்டும். ஆனால் ஏழாவதில், கடைசிக் கூட்டத்தில் நாங்கள் இருவர் தவிர, முன்மொழிந்தவர், வழிமொழிந்தவர், கை தூக்கியவர் ஒருவர்கூடப் பெண் இல்லை. காலையில் கையெழுத்துப் போட்டுக் கணக்கில் சேர்ந்து, மதியம் கரண்டி பிடித்துக் கணக்கிலிருந்து போய்விடுகிறோம். யாரும் உட்கார்ந்து சதி செய்த மாதிரி தெரியவில்லை. அப்படியே பழகிப்போயிற்று. சதியாக இருந்தால் கண்டுபிடித்த சந்தோஷமாவது மிஞ்சியிருக்கும்.

அடுத்த வருடத்துக்கு நான் மூன்று பக்கத் திட்டம் தயாரித்தேன். சமையலைப் புறக்கணிப்பது, தொகுதிக்கு முறையீடு, நிகழ்ச்சி நிரலை மாற்ற இரண்டு வாரம் முன்பே எழுத்துப்பூர்வத் தீர்மானம். தேங்காய்க் கடை அக்கா முதல் பக்கத்தை மட்டும் படித்தார். "சமைக்கலன்னா, கடையில தாப்பாவ் கட்டி வாங்கிக்கிட்டு வந்து சாப்பிட்டுட்டு நம்மளயே திட்டுவானுங்க," என்றார். "சமைச்சிருவோம். சமைச்ச சட்டியோட மண்டபத்துல போய் உக்காந்துருவோம்."

அவ்வளவுதான் திட்டம். மூன்று பக்கத்தையும் அன்றைக்குப் பூண்டுத் தோல் போட விரித்துக்கொண்டார்கள்.

அந்த ஞாயிறு பெண்கள் விடிகாலையிலேயே வந்துவிட்டோம். கூட்டம் தொடங்கும் பத்து மணிக்கெல்லாம் நெய்ச்சோறு, கோழிப் பிரட்டல், பருப்பு, வெள்ளரிக்காய் அச்சார் எல்லாம் மண்டபத்தின் பக்கவாட்டுச் சுவரை ஒட்டி மேசையில் மூடியோடு வரிசையாக நின்றன. அப்பளம் காலையிலேயே பொரித்துத் தகர டின்னில் அடைக்கப்பட்டிருந்தது. அதை மட்டும் நான் இரண்டு முறை சரிபார்த்தேன். பெண்கள் முதல் மூன்று வரிசையில் உட்கார்ந்தோம். வழக்கமாக அங்கே உட்காரும் ஆண்கள் வந்து, பார்த்து, நாற்காலிக்கு ஏதோ ஆகிவிட்டதா என்று யோசித்து, பின்னால் போனார்கள்.

மாலை வந்திருந்தது. செயலாளர் பின்னால் ஒரு நாற்காலியில் அதைத் தனியாக உட்கார வைத்திருந்தார்.

ஆறாவதுக்கு வந்ததும் தலைவர் ஒலிவாங்கியில், மகளிர் பிரிவு சாப்பாட்டை எடுத்துவைக்கலாம் என்றார். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி சொன்னார். அக்கா உட்கார்ந்தபடியே சொன்னார்: "எல்லாம் எடுத்துவச்சாச்சு அண்ணே. நீங்க போட்டுக்குங்க."

கொஞ்சம் சலசலப்புக்குப் பிறகு ஆண்கள் எழுந்து மேசைக்கு வந்தார்கள். யாரோ மூடியைத் திறந்தார். நெய்ச்சோற்று வாசம் மண்டபம் முழுக்கப் போனது. வரிசை நின்றது. நின்றது, நகரவில்லை. முதலில் நின்றவர் கையில் எதுவும் இல்லை.

தட்டு இல்லை. என் புதிய பட்டியலில் முப்பத்தொரு வரிகள், அதில் தட்டு என்று ஒரு வரி இல்லை. அடுப்படியிலிருந்து எல்லாவற்றையும் நாங்கள் கொண்டுவந்திருந்தோம், அதை மட்டும் விட்டுவிட்டு. எழுந்து எடுத்துவரப் போனேன். தேங்காய்க் கடை அக்கா என் துப்பட்டாவை நாற்காலியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார்.

செயலாளர் அடுப்படிக்குப் போனார். கதவுகள் திறந்து மூடும் சத்தம் கேட்டது. திரும்பி வந்தபோது கையில் இரண்டு பூத்தட்டுகளும், போன தேர்தலில் மிஞ்சிய காகிதக் குவளைகளும், எதற்கென்று தெரியவில்லை, ஒரு சல்லடையும் இருந்தன. இன்னொருவர் போனார். அவர் எதுவும் இல்லாமல் வந்தார், ஆனால் அடுப்படி ரொம்பப் பெரியதாக இருக்கிறது என்ற தகவலோடு. மேல் அலமாரி பூட்டியிருக்கிறது என்று மூன்றாவது ஆள் கண்டுபிடித்தார்.

தலைவர் எங்கள் பக்கம் பார்த்தார். "சாவி யாருகிட்ட இருக்கு?"

அக்கா எப்போதும் சாவியை இடுப்பில் ஒரு ஊக்கில் மாட்டியிருப்பார். கை அதன் மேல் போனது; பழக்கம். அங்கேயே நின்றது. நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். எங்கள் திட்டத்தில் இது எங்கேயும் இல்லை. அந்த இடத்தில், அந்த நொடியில்தான் அக்கா முடிவு செய்தார்.

"எங்கிட்டதான் அண்ணே. ஏழாவது முடிச்சிட்டு எடுத்துரலாம்."

"என்னம்மா இது, மெரட்டுறீங்களா?"

"மெரட்டலயே அண்ணே. போன வருசம் அப்பளம் முக்கியம்னீங்க. அதான் இந்த வருசம் மொதல்லயே பொரிச்சாச்சு."

முதல் மூன்று வரிசையும் சிரித்தன. தலைவர் சிரிக்கவில்லை. செயலாளர் அவர் காதில் ஏதோ சொன்னார். தேர்தலை இன்னொரு நாளைக்குத் தள்ளிவைக்கலாமா என்று தலைவர் சபையைக் கேட்டார். அப்போது சோற்றுக் குண்டானுக்கு மிக அருகில் நின்றிருந்த, லாரி ஓட்டும் ஓர் அண்ணன், ஒலிவாங்கி இல்லாமலேயே பேசினார். "போஸ், ஓட்டு போட்டுட்டே சாப்பிடலாம்லா. கோழி ஆறிக்கிட்டிருக்கு."

வரிசையில் நின்ற பலருக்கும் அது நியாயமாகப் பட்டது.

நான் முன்மொழிந்தேன். தேங்காய்க் கடை அக்கா வழிமொழிந்தார். தெருவில் நின்றிருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். அக்கா எழுந்து நின்றார். ஒரு வருடமாக அந்த ஒரு சொல்லுக்காகக் காத்திருந்தவர், எழுந்ததும் முதலில் கேட்டது தண்ணீர். குடித்தார். எனக்கு அந்த இடைவெளி முந்தைய வருடத்தைவிட நீளமாக இருந்தது. "ஏற்கிறேன்," என்றார். பிறகு, கேட்காமல் போய்விடுமோ என்று இன்னொரு முறை சொன்னார்.

தொகுதியிலிருந்து வந்திருந்த பார்வையாளர் கைகளை எண்ணினார். இரண்டு முறை எண்ணினார். அக்கா நான்கு கை வித்தியாசத்தில் ஜெயித்தார். என் மூன்று நிறக் கணிப்பு பாதி தப்பு. எங்களில் இரண்டு பெண்கள் அக்காவுக்குத் தூக்கவில்லை. லாரி அண்ணனும் வரிசையின் முன்பகுதியில் நின்ற ஐந்தாறு பேரும் தூக்கினார்கள். பெண்ணுக்குத் தலைமை வேண்டும் என்று தூக்கினார்களா, கோழிக்காகத் தூக்கினார்களா என்று எனக்குத் தெரியாது. தூக்கிய கைக்குப் பின்னால் காரணம் எழுத இடம் இல்லை. இவ்வளவு காலம் தலைவருக்குத் தூக்கிய கைகளுக்கும் என்ன காரணம் இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

செயலாளர் மாலையோடு எங்கே போவது என்று தெரியாமல் நின்றார். கடைசியில் தலைவரே அதை வாங்கி அக்காவுக்குப் போட்டார். அவருடைய அகலத்துக்குச் சொல்லிவைத்த மாலை. அக்காவுக்கு முழங்கால்வரை தொங்கியது.

கைதட்டல் முடிந்ததும் மண்டபம் பழையபடி மேசையைப் பார்த்தது. அக்கா மாலையோடு எழுந்தார். எனக்குத் தெரிந்துவிட்டது, தட்டு எடுக்கப் போகிறார். கிளைத் தலைவராகி ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. தேங்காய்க் கடை அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு, "ஒக்காரு," என்றார். அக்கா நின்றார். இடுப்பிலிருந்து ஊக்கைக் கழற்றினார். சாவியை மேசையில், பழைய தலைவர் முன்னால் வைத்தார்.

"அண்ணே, மேல் அலமாரி, எடது பக்கம். அறுபது இருக்கும். கழுவிட்டுக் கொண்டாங்க, தூசியா இருக்கும்."

அவர் சாவியைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். வரிசையில் நின்றவர்கள் எல்லாம் அவரைப் பார்த்தார்கள். பசி யாரையும் மரியாதை பார்க்க விடவில்லை. சாவு வீட்டில் நாற்காலி போட்டுப் பழகிய கைதான், அதற்குத் தட்டு ஒன்றும் பெரிய தூரம் இல்லை. எழுந்தார். செயலாளரையும் கூட்டிக்கொண்டு நடையில் போனார். தண்ணீர் ஓடும் சத்தம் வெகுநேரம் கேட்டது. அறுபது தட்டுகளும் சொட்டச் சொட்ட வந்தன. கழுவச் சொன்னோம், துடைக்கச் சொல்லவில்லை. முதல் மூன்று வரிசைக்குத்தான் முதலில் தட்டு வந்தது; ஈரத்தட்டில் ஆறிய நெய்ச்சோறு சாப்பிட்டோம். பெண்கள் முதலில் சாப்பிட்டது கிளையின் வரலாற்றில் அதுதான் முதல்முறை என்று கூட்டக் குறிப்பில் எழுதினேன். செயலாளர் அந்த வரியை எடுத்துவிடச் சொன்னார். அக்கா இருக்கட்டும் என்றார்.

மறுவாரம் பழைய தலைவர் தோல்பையை அப்படியே அக்கா வீட்டில் கொடுத்துவிட்டுப் போனார். மூன்று கடிதங்களும் உள்ளே இருந்தன, மடிப்புக்கூடக் கலையாமல். கூடவே யார் யாரோ கொடுத்த இருபதுக்கும் மேற்பட்ட கடிதங்கள். அவர் எதையும் தூக்கிப்போடவில்லை, எதையும் அனுப்பவும் இல்லை. அக்கா முதல் தொகுதிக் கூட்டத்திலேயே எழுந்து நின்று, ஒய்.பி. கைத்தொலைபேசியைக் கீழே வைக்கும்வரை பேசாமல் காத்திருந்து, பிறகு பேசினார். நான்கு மாதத்தில் சந்தில் விளக்கு வந்தது. மூன்று கேட்டோம், ஒன்று வந்தது. மற்ற இரண்டுக்கான கடிதம் இப்போது அக்காவின் கையெழுத்தோடு ஊர் சுற்றிக்கொண்டிருக்கிறது. கம்பத்தில் பழைய தலைவரின் தீபாவளி வாழ்த்து இன்னும் இருக்கிறது. முதல்முறையாக நன்றாகத் தெரிகிறது.

நிகழ்ச்சி நிரலில் இப்போது ஆறாவது தேர்தல், ஏழாவது உணவு. சமைப்பது இன்னும் பெரும்பாலும் நாங்கள்தான். அதற்கு நான் போட்ட சுழற்சி அட்டவணையை ஆண்கள் மிகவும் பாராட்டினார்கள், ஒருவரும் பெயர் எழுதவில்லை. ஆனால் சாவி இப்போது அடுப்படிக் கதவிலேயே ஓர் ஆணியில் தொங்குகிறது. கிளையில் இரண்டு ஆண்களுக்குத் தட்டுகள் இருக்கும் இடம் தெரியும். ஒவ்வொரு கூட்டத்திலும் அவர்கள்தான் எடுத்து வருகிறார்கள். இன்னும் துடைப்பதில்லை.